சொட்டுநீர் போட்டும் கிணறு இறங்குகிறதே, ஏன்?

ஈரமண்
எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக மனதில் கிடக்கும் கேள்வி இது. முன்பு வாய்க்கால் பாசனம்தான் செய்துவந்தேன். தண்ணீர் பற்றாமல் போனதால் சொட்டுநீர் போட்டேன். செடி நன்றாக வருகிறது, களை குறைந்துவிட்டது, உரமும் குழாய் வழியே போய்விடுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிணறு மட்டும் வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டே போகிறது. மழை ஒன்றும் மோசமில்லை. முன்பு மோட்டார் எட்டு மணி நேரம் ஓடும், இப்போது ஐந்து மணி நேரம்தான் ஓடுகிறது. பாதித் தண்ணீர் மிச்சமாகும் என்று சொல்லித்தான் போட்டுக் கொடுத்தார்கள். அப்படி மிச்சமான தண்ணீர் எங்கே போனது?

புதுவிதை
நானும் அடுத்த பட்டத்துக்குச் சொட்டுநீர் போடலாம் என்று இருக்கிறேன். இதற்குப் பதில் தெரியாமல் போடப் பயமாக இருக்கிறது. இழையைக் கவனித்துக்கொண்டிருப்பேன்.

நீர்க்கணக்கு
ஈரமண் தம்பி, இரண்டு கேள்வி. எட்டு மணி நேரம் என்பது தினமும் ஓடியதா, ஒரு நாள் விட்டு ஒரு நாளா? சொட்டுநீர் போட்ட பிறகு பாசனம் ஆகும் நிலத்தின் அளவு அதேதானா, கூடியிருக்கிறதா? அப்புறம் ஒரு சின்ன வேலை. மோட்டார் ஓடும்போது 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்கு அடியில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அதுவும் சொட்டுநீர் ஓடுகிற அதே அழுத்தத்தில் வால்வை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். வால்வை முழுதாகத் திறந்து பார்த்தால் கணக்கு தப்பிவிடும்.

ஈரமண்
டிரம் 45 விநாடியில் நிரம்பியது, மூன்று தடவை பார்த்துவிட்டேன். பழைய எட்டு மணி நேரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இப்போது தினமும் ஐந்து மணி நேரம். நிலம் கூடியிருக்கிறது ஐயா. முன்பு இரண்டு ஏக்கர் பாசனம், இன்னும் இரண்டு ஏக்கர் தரிசாகக் கிடந்தது. தண்ணீர் மிச்சமாகிறதே என்று அதிலும் லேட்டரல் (செடி வரிசையோரம் போகும் சொட்டுநீர்க் குழாய்) இழுத்துவிட்டேன்.

நீர்க்கணக்கு
சரி, இப்போது கணக்கைப் போட்டுவிடலாம்.

45 விநாடிக்கு 200 லிட்டர் என்றால் மணிக்கு 16,000 லிட்டர். முன்பும் அதே வேகத்தில் இறைத்தது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எட்டு மணி நேரம், அதாவது சராசரியாகத் தினம் நான்கு மணி நேரம், 64,000 லிட்டர். இப்போது தினம் ஐந்து மணி நேரம், 80,000 லிட்டர். நேரம் குறைந்ததாக உங்களுக்குத் தோன்றுகிறது. உண்மையில் கூடியிருக்கிறது.

இதைவிட முக்கியமான பகுதி இனிமேல்தான். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 4,050 லிட்டர். நன்றாக வளர்ந்த பயிர், வெயில் உள்ள நாளில், நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏக்கருக்கு 20,000 லிட்டர். முன்பு இரண்டு ஏக்கர் பயிர் குடித்தது 40,000 லிட்டர். நீங்கள் இறைத்தது 64,000. மீதி 24,000 லிட்டர் வேரைத் தாண்டிக் கீழே இறங்கியது. அதில் ஒரு பங்காவது உங்கள் கிணற்றுக்கோ பக்கத்துக் கிணற்றுக்கோ ஊற்றாகத் திரும்பி வந்திருக்கும். இப்போது நான்கு ஏக்கர் பயிர் 80,000 லிட்டர் குடிக்கிறது. இறைப்பதும் 80,000. கீழே திரும்பி இறங்குவது அநேகமாக ஒன்றுமில்லை.

நிலத்தடியிலிருந்து நிரந்தரமாகப் போகும் தண்ணீர் என்பது இலை வழியாகவும் மண்ணின் மேற்பரப்பு வழியாகவும் ஆவியாவதுதான். அது முன்பு 40,000, இப்போது 80,000. கிணறு இறங்காமல் என்ன செய்யும்?

கல்மடை
இதைத்தான் நான் பல வருடமாகச் சொல்லிவருகிறேன். வாய்க்காலில் பாய்கிற தண்ணீரை வீண் என்று சொல்கிறவர்கள், அது போகும் இடத்தைப் பார்ப்பதில்லை. பூமிக்குள் இறங்கிய தண்ணீர் பூமியில்தானே இருக்கிறது? எங்கள் பாட்டனார் காலத்தில் மடை திறந்து பாய்ச்சியபோது கிணற்றில் ஆள் குனிந்து மொண்ட தண்ணீர். குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு பழையபடி பாய்ச்சுங்கள்.

நீர்க்கணக்கு
கல்மடை அண்ணன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். திரும்பி வருகிற தண்ணீரை வீண் என்று கணக்கில் எழுதியது பெரிய தவறு. ஆனால் கீழே இறங்கும் தண்ணீர் வெறுமனே இறங்குவதில்லை. நீங்கள் போட்ட தழைச்சத்தை நைட்ரேட்டாகக் கரைத்து எடுத்துக்கொண்டு இறங்குகிறது. அது குடிநீர்க் கிணற்றுக்கும் போகும். அதே தண்ணீரை மறுபடி மேலே ஏற்ற மின்சாரம் வேண்டும். ஆழ்துளைக் கிணறாக இருந்து, நடுவில் இறுகிய களிமண் அடுக்கு இருந்தால் அது உங்கள் காலத்தில் திரும்பி வராமலே போகலாம். அடியில் உவர்நீர் இருந்தால் அதில் கலந்து கெட்டுவிடும். ஆக, குழாயைப் பிடுங்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி, குழாய் வந்த பிறகு மொத்தம் எத்தனை ஏக்கர் பயிர் தண்ணீர் குடிக்கிறது என்பதுதான்.

பழைய காலக் கிணற்றில் தண்ணீர் மேலே இருந்ததற்குப் பாய்ச்சிய முறை மட்டும் காரணமில்லை. ஆள் இறைக்கும் ஏற்றத்திலும் மாடு பூட்டி இறைக்கும் கவலையிலும் ஒரு நாளில் இறைக்க முடிந்த அளவே குறைவு.

ஈரமண்
படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் செய்தேன். அந்த இரண்டு ஏக்கர்தான் தண்ணீரைக் குடிக்கிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

தூரல்
உங்கள் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததில்லை, மனம் தளர வேண்டாம். உலகம் முழுவதும் இதே கதைதான். அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்தில், ஒகலாலா நிலத்தடி நீரை நம்பியிருக்கும் விவசாயிகள், சுழன்று பாய்ச்சும் தெளிப்பான்களில் மூக்குக் குழாயைப் பயிருக்கு அருகில் தாழ்த்திக் கட்டினார்கள். காற்றில் வீணாவது குறைய வேண்டும் என்பதற்காக அரசு மானியமும் கொடுத்தது. 2014இல் வெளியான ஆய்வு, மாற்றிய பிறகு இறைத்த தண்ணீர் குறையவில்லை, கொஞ்சம் கூடியே இருந்தது என்று காட்டியது. அதிகம் தண்ணீர் கேட்கும் பயிருக்கு மாறினார்கள், பாசனப் பரப்பைக் கூட்டினார்கள். 1865இலேயே ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் நிலக்கரி விஷயத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். எஞ்சின் சிக்கனமானதும் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது.

ஆனால் அதே கேன்சஸில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஷெரிடன் கவுண்டியில் ஒரு பகுதி விவசாயிகள் தாங்களே கூடிப் பேசி, ஐந்து வருடத்துக்கு நிலத்தின் மேல் மொத்தம் 55 அங்குல உயரத் தண்ணீர்தான் என்று 2013 முதல் வரம்பு போட்டுக்கொண்டார்கள். பழைய உபயோகத்தில் 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது நோக்கம். ஒரு வருடம் மழை நன்றாகப் பெய்தால் மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் குறைத்தே காட்டினார்கள். மக்காச்சோளப் பரப்பைக் கொஞ்சம் குறைத்து சோளம், கோதுமை போட்டார்கள். விளைச்சல் சற்றுக் குறைந்தாலும் விதை, உரம், மின்சாரச் செலவும் குறைந்ததால் லாபம் பெரிதாக அடிபடவில்லை. இரண்டு இடத்திலும் கருவி ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு இடத்தில் வரம்பு இருந்தது, இன்னொரு இடத்தில் இல்லை.

மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் கிராமத்தில் பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில்லை என்று ஊரே முடிவெடுத்தது. மழைக்காலம் முடிந்ததும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்கெடுத்து, அதற்கேற்றபடி என்ன பயிர் என்று கூடி முடிவு செய்வார்கள். குடிநீருக்கு முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் பயிருக்கு.

புதுவிதை
அப்படியானால் சொட்டுநீர் போட்டுப் பயனே இல்லையா?

நீர்க்கணக்கு
நிச்சயம் உண்டு. அதே இரண்டு ஏக்கரில் நிறுத்தியிருந்தால், மண் மேற்பரப்பில் ஆவியாவது குறைந்திருக்கும், உரம் குறைந்திருக்கும், மின்சாரம் குறைந்திருக்கும், விளைச்சல் கூடியிருக்கும். பரப்பைக் கூட்டாதவருக்கு அது நல்ல கருவி.

ஆனால் போட்டதோடு வேலை முடிவதில்லை. ஈரமண் தம்பி, இன்னொன்று செய்து பாருங்கள். லேட்டரலின் தலைப்பில் நான்கு, நடுவில் நான்கு, கடைசியில் நான்கு என்று எமிட்டர்களுக்கு (தண்ணீர் சொட்டும் வாய்களுக்கு) அடியில் சின்னக் கிண்ணம் வைத்து, ஆறு நிமிடம் பிடித்து அளவுங்கள். பத்தால் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று வரும்.

ஈரமண்
செய்தேன். மணிக்கு நான்கு லிட்டர் எமிட்டர்கள். தலைப்பில் 4.1, 3.9 என்று வருகிறது. கடைசியில் 2.4, 2.6, ஒன்றில் வெறும் 1.2. கடைசி வரிசைச் செடிகள் வாடும், அதனால்தான் அரை மணி நேரம் கூட ஓட்டுவேன்.

நீர்க்கணக்கு
அந்த அரை மணி நேரம் கடைசிச் செடிக்காக. ஆனால் தலைப்புச் செடிகளும் அதே அரை மணி நேரம் குடிக்கின்றன, தேவையில்லாமல். ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். லேட்டரல் முனைகளைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். சுண்ணாம்பு படிந்திருந்தால் அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். அப்போது அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்த வேலையில் இறங்கவே வேண்டாம். அப்புறம் பிரஷர் கேஜ் தலைப்பில் மட்டும் போதாது, லேட்டரலின் கடைசியிலும் ஒரு முறை பிடித்துப் பாருங்கள்.

வேரடி
இத்தனை பேர் எழுதியதில் மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. தண்ணீர் எவ்வளவு விட்டோம் என்பதைவிட வேரடியில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

மணல் மண் ஒரு மீட்டர் ஆழத்தில் பயிருக்குக் கிடைக்கும்படி 60 முதல் 100 மில்லிமீட்டர் பிடித்து வைக்கும். நல்ல வண்டல் 150க்கு மேல் பிடிக்கும். உங்கள் செடியின் வேர் அரை மீட்டர் என்றால் மணலில் கையிருப்பு 30 முதல் 50 மில்லிமீட்டர்தான். அதில் பாதி தீர்ந்ததும் தண்ணீர் விட வேண்டும் என்பது பொதுவான வழக்கம். நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் செலவானால் மணலில் மூன்று முதல் ஐந்து நாள், வண்டலில் ஒரு வாரத்துக்கு மேல். இதைத் தெரியாமல் எல்லா மண்ணுக்கும் ஒரே முறை போட்டால் மணலில் தண்ணீர் ஓடிப்போகும், களிமண்ணில் வேர் மூச்சுத் திணறும்.

எனக்குக் கருவி வாங்குவதற்கு முன்பே பழகிய முறை ஒன்று இருக்கிறது. பாய்ச்சிய மறுநாள் ஒரு இரும்புக் கம்பியைக் கையால் அழுத்திப் பார்ப்பேன். ஈரம் உள்ள வரை இறங்கும், காய்ந்த மண்ணில் நின்றுவிடும். வேரின் ஆழம் தெரிந்தால் தேவைக்கு மேல் போனதா, குறைந்ததா என்று அங்கேயே தெரியும். பிறகு வேர் ஆழத்து மண்ணை எடுத்து உருண்டை பிடிப்பேன். உருண்டை பிடித்துக் கையில் ஈரம் படிந்தால் இன்று மோட்டாரைத் தொட வேண்டாம். உருட்டும்போதே உதிர்ந்தால் தாமதம் செய்யக் கூடாது. மண் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று காட்டும் டென்சியோமீட்டர் வைத்திருப்பவர்கள் அதன் முள்ளைப் பார்க்கலாம், எண் கூடக் கூட மண் காய்கிறது. பத்து சென்டிபாருக்குக் கீழே இருந்தால் மண் சொதசொதவென்று இருக்கிறது. மணல் மண்ணில் காய்கறிக்கு 20, 30 சென்டிபார் வந்ததும் விடலாம். கனமான மண்ணில் இன்னும் பொறுக்கலாம். 80ஐ நெருங்கினால் அந்தக் கருவியே சரியாகக் காட்டாது.

மூடாக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்த இலை, தட்டை எதுவானாலும் பயிர் சின்னதாக இருக்கும்போது போட்டால்தான் பெரிய பலன். அப்போதுதான் மண் வெயிலுக்குத் திறந்து கிடக்கிறது. இலை மூடிய பிறகு போடுவதில் தண்ணீர் மிச்சம் குறைவு. ரொம்பத் தடிமனாகப் போட்டால் சின்னத் தூரலை மூடாக்கே குடித்துவிடும், மண்ணுக்கு இறங்காது. தொழுஉரம் போட்டால் மண் தண்ணீரை அள்ளிப் பிடிக்கும் என்று பெரிய பெரிய எண்களைச் சொல்கிறார்கள். மண்ணில் கரிமம் ஒரு சதவீதம் ஏறினால் பத்து சென்டிமீட்டர் மண்ணுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஓரிரு மில்லிமீட்டர்தான். ஆனாலும் தொழுஉரம் போடத்தான் வேண்டும். அதன் உண்மையான உதவி, மண் இறுகாமல் மழை உள்ளே இறங்க வழி கொடுப்பது.

வரப்போரம்
நெல் போடுகிறவர்களுக்கு இழையில் இடம் இல்லை போலிருக்கிறது, நானே எழுதிவிடுகிறேன். காய்ச்சலும் பாய்ச்சலும் (வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது) என்று நாம் சொல்வதைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு குழாயோடு எளிமையாக்கியிருக்கிறது. சுமார் 30 சென்டிமீட்டர் நீளக் குழாய், கீழ்ப்பகுதியில் சுற்றிலும் துளை. துளையுள்ள 20 சென்டிமீட்டரை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போகும்வரை பொறுக்கலாம். பிறகு ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரம் களைக்காகத் தண்ணீர் நிற்க வேண்டும். பூக்கும் சமயத்தில், முன்னும் பின்னும் ஒரு வாரம், காயவிடவே கூடாது.

முதல் தடவை வயல் மேலே வெடிப்பு தெரிந்ததும் என் கை மடைக்குப் போய்விட்டது. குழாயில் பார்த்தால் எட்டு சென்டிமீட்டர் கீழேதான் தண்ணீர் நின்றது. அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் பொறுத்தது எனக்குப் பெரிய பாடம். விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும். மீத்தேன் வாயு வெளியாவதும் ஏறக்குறைய பாதியாகும்.

ஆனால் வயல் சமமாக இல்லாவிட்டால் இது எதுவும் நடக்காது. ஐந்து சென்டிமீட்டர் மேடு ஒன்று இருந்தால், அது நனைய மீதி வயல் முழுவதும் ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக நிற்க வேண்டும். ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டர்! லேசர் வைத்துச் சமன் செய்தபோது செலவுக்குத் தயங்கினேன். இப்போது யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

உவர்நிலம்
கடுமையாகச் சிக்கனம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிணற்று நீரின் உப்பு அளவைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மின்கடத்துதிறன் மீட்டருக்கு ஒரு டெசிசீமன்ஸ் (dS/m) என்று அறிக்கையில் இருந்தால், ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 640 கிராம் உப்பு. ஒரு பயிருக்கு ஹெக்டேருக்கு 5,000 கன மீட்டர் விட்டால் மூன்று டன்னுக்கு மேல் உப்பை வயலில் கொட்டுகிறோம். பயிர் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். சொட்டுநீரில் அந்த உப்பு ஈரம் முடியும் விளிம்பில் வட்டமாகச் சேரும். முதல் மழை லேசாகப் பெய்தால் விளிம்பு உப்பு நேராக வேருக்கு வரும். அதனால் மழைக்காலத்தின் முதல் தூரல் விழும்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். வீணாகத் தோன்றும், ஆனால் செடியைக் காப்பாற்றும். நான் நிறுத்தி ஒரு வரிசை முழுக்கக் கருகியதைப் பார்த்தவன்.

கல்மடை
உவர்நிலம் சொன்னது எனக்குப் புதிது. என் நிலத்துக் கிணறும் கொஞ்சம் கரிக்கும். நான் இன்னும் வாய்க்காலை விடப்போவதில்லை, ஆனால் ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. யாராவது செய்திருக்கிறீர்களா?

வேரடி
செய்திருக்கிறேன் அண்ணே. இந்தத் தடவை ஒன்று, மூன்று, ஐந்தாம் சால், அடுத்த தடவை இரண்டு, நான்கு, ஆறு என்று மாற்றி மாற்றி விட வேண்டும். வேரின் ஒரு பக்கம் எப்போதும் ஈரத்தில் இருக்கும். கனமான மண்ணில் நன்றாக வரும். மணலில் பக்கவாட்டில் ஈரம் பரவாது, அங்கே வேண்டாம். பூக்கும் நேரத்தில் எல்லாச் சாலிலும் விட்டுவிடுங்கள். உங்கள் கிணறு கரிக்கும் என்கிறீர்கள், அதனால் அவ்வப்போது எல்லாச் சாலிலும் நிறையப் பாய்ச்சி உப்பைக் கீழே தள்ளவும் வேண்டும்.

ஈரமண்
ஒரு பட்டம் முடிந்துவிட்டது, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

நான்கு ஏக்கரை மூன்றாகக் குறைத்தேன். அதிலும் ஒரு ஏக்கர் சோளம், அதற்கு இரண்டே தடவைதான் தண்ணீர் விட்டேன். எமிட்டர்களைச் சுத்தம் செய்த பிறகு கடைசி வரிசை 3.7 வருகிறது, அந்த அரை மணி நேரத்தை நிறுத்திவிட்டேன். தண்ணீர் மீட்டர் ஒன்று மாட்டினேன். மீட்டர் எண்ணைத் தினமும் நோட்டில் எழுதுகிறேன். சராசரியாகத் தினம் 46,000 லிட்டர் வருகிறது. தரிசாகப் போட்ட ஒரு ஏக்கரைப் பார்க்க இன்னும் மனம் கஷ்டப்படுகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. வருமானமும் கொஞ்சம் குறைந்தது.

கிணற்று நீர்மட்டத்தைக் கயிறு விட்டு வாரம் ஒரு முறை அளக்கிறேன். போன வருடம் இதே சமயத்தில் இருந்ததைவிட 60 சென்டிமீட்டர் மேலே நிற்கிறது.

நீர்க்கணக்கு
மனம் நிறைந்தது தம்பி. ஒன்று மட்டும், இந்த வருடம் மழை எப்படி? 60 சென்டிமீட்டரில் மழையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஒரு வருடம் போதாது. பக்கத்துக் கிணறுகளையும் அளந்தால்தான் தெரியும். அங்கேயும் 60 ஏறியிருந்தால் அது மழை கொடுத்தது.

ஈரமண்
மழை சற்று அதிகம்தான். பக்கத்து நான்கு கிணற்றுக்காரர்களிடம் பேசினேன். இரண்டு பேர் உடனே சரி என்றார்கள். ஒருவர், உன் கிணறு ஏறினால் நான் எதற்கு என் கிணற்றை அளக்க வேண்டும் என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு, அடியில் ஊற்று ஒன்றுதானே, என் கிணற்றில் நான் விட்டுவைப்பதை உங்கள் மோட்டாரும்தான் இழுக்கும், உங்களுடையதை என்னுடையது இழுக்கும் என்று அவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. நான்காமவர் வெளியூரில் இருக்கிறார்.

இப்போதைக்கு மூன்று கிணறு. ஒரே கயிற்றை வைத்து, ஒரே நாளில் அளக்கலாம் என்று இருக்கிறோம். எந்த நேரத்தில் அளப்பது சரி?

நீர்க்கணக்கு
விடிகாலையில், மூன்று மோட்டாரும் ஓடத் தொடங்குவதற்கு முன். இறைத்து நிறுத்திய உடனே அளந்தால் மட்டம் தாழ்ந்து காட்டும், ஊற்று ஏறிச் சேர இரவு முழுவதும் விட வேண்டும். கிணற்று விளிம்பில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டு, எப்போதும் அந்த இடத்திலிருந்தே கயிறு விடுங்கள். முனையில் கட்டும் கல் மாறக் கூடாது. நனைந்தால் நீளும் கயிறு வேண்டாம், நைலானைவிடச் சர்வே டேப் நல்லது.

ஈரமண்
டேப் வாங்கிவிட்டேன். நேற்று மாலை அந்த மூன்றாமவர் வரப்பில் நின்று, எப்போது அளக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை விடியலில் என்று சொல்லியிருக்கிறேன்.